கழுத்தில் காயம், தொடையில் ஊசி: வாசகர் கேள்வி பதில்

ஆகஸ்ட் 15 கழிந்து பத்து நாளைக்குள் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழுத்தைப் பற்றித்தான். தில்லியில் இது பட்டம் விடுகிற மாதம், ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மாஞ்சா மாதம். சர்க்கரை, மூட்டுவலி, முடி கொட்டுவது பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது மேம்பாலத்தில் மாஞ்சா நூல் கழுத்தை இடது காதுக்குக் கீழே வரைக்கும் அறுத்துவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் தாடைக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம், தொட்டால் துடிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துவிட்டு, தமனியில் கிழிசல், தொடை வழியாக ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள். காயம் கழுத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தொடையில் எதற்கு? என் பிள்ளையை வைத்துப் பரிசோதனை பண்ணுகிறார்களோ என்று அம்மா அழுகிறார். (வாசகி, மயூர் விஹார்)

பதில்: முதலில் அந்த வீக்கத்தை ஆளாளுக்கு அமுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். அது கட்டி இல்லை. தமனியின் சுவர் கிழிந்து வெளியே வந்த ரத்தத்தைச் சுற்றியிருக்கும் சதையும் உறைந்த ரத்தமும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். அதற்கென்று சொந்தச் சுவர் கிடையாது, அதனால்தான் சூடோ அனூரிசம், அதாவது போலி வீக்கம் என்று பெயர். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ரத்தம் அதற்குள் போய்வருவதுதான் உங்கள் விரலுக்குத் துடிப்பாகத் தெரிகிறது. உடைந்தால் ரத்தம் மூச்சுக்குழாயை நெருக்கலாம், உடையாவிட்டாலும் உள்ளே சேரும் ரத்தக்கட்டி துணுக்காகப் பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். எனவே ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

சரி, ஏன் தொடை? கழுத்தை நாங்கள் மூன்று மாடியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். காரை எலும்பிலிருந்து குரல்வளையின் கீழ் வளையம் வரை முதல் மாடி, அங்கிருந்து தாடையின் மூலை வரை இரண்டாவது, தாடை மூலையிலிருந்து மண்டையோட்டின் அடி வரை மூன்றாவது. நடு மாடியில் காயம் என்றால் கத்தியோடு நேராக உள்ளே போய்த் தைத்துவிடலாம், பல சமயம் அதுதான் நல்லதும்கூட. கீழ் மாடி என்றால் நெஞ்செலும்பைத் திறக்க வேண்டி வரும். மேல் மாடியில் தாடை எலும்பு குறுக்கே நிற்கிறது, அதை முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு வேலை செய்தாலும் நாக்கை அசைக்கிற நரம்பு, விழுங்க வைக்கிற நரம்பு, குரல் கொடுக்கிற நரம்பு எல்லாம் அந்த விரற்கடை இடத்தில்தான் ஓடுகின்றன. உங்கள் தம்பிக்குக் கிழிந்திருப்பது அந்த மேல் மாடியில், மூளைக்குப் போகிற உள் கரோட்டிட் தமனியில். வெளியே பார்த்தால் கைக்கெட்டும் தூரம், உள்ளே போனால் கோட்டைக்குள் கோட்டை.

தொடை வழி என்பது பின்வாசல். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் குழாயை ஏற்றி, வயிற்றுப் பெருந்தமனி வழியாக நெஞ்சுக்கு வந்து, அங்கே வளைவிலிருந்து கிளம்பும் இடது கரோட்டிடுக்குள் திரும்புகிறோம். கம்பி போவது நோயாளிக்குத் தெரியாது, ரத்தக்குழாயின் உட்புறத்தில் வலி உணர்வு இல்லை. சாயமருந்து செலுத்தும்போது மட்டும் அந்தப் பக்கக் கன்னமும் தலையும் குப்பென்று சூடாகும். பலருக்கு முழு மயக்கம் கொடுக்காமலே செய்வோம், காரணம் இருக்கிறது: இடையிடையே "கையை மூடித் திறங்க, உங்க பேர் சொல்லுங்க, எந்த ஸ்டேஷன்ல இறங்குவீங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்போம், பேச்சில் ஒரு தடங்கல் வந்தாலும் உடனே தெரிந்துவிடும். கிழிசல் இருக்கும் இடத்தில் உறை போட்ட ஸ்டென்டை, அதாவது மேலே மெல்லிய உறை சுற்றிய சின்ன வலைக்குழாயை, விரித்தால், சட்டைக் கிழிசலுக்கு உள்பக்கமாக ஒட்டுத்துணி வைத்த மாதிரி ஓட்டை மூடிக்கொள்ளும், ரத்தம் நேர் வழியில் போகும். சில இடங்களில் உறையில்லாத வலை ஸ்டென்டை வைத்து அதன் கண்ணி வழியாக வீக்கத்துக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருள்களை நிரப்புவதும் உண்டு, குழாய் ரொம்ப வளைந்து நெளிந்து போகிற இடத்தில் உறை ஸ்டென்ட் வளையாது என்பதால். முடிந்த பிறகு சில மணி நேரம் அந்தக் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இளவயதுக்காரர்கள் அதிகம் புலம்புவது இதற்குத்தான்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். 1552-ல் பிரான்ஸில் ஆம்ப்ரூவாஸ் பாரே என்ற அறுவை மருத்துவர், காயம்பட்ட ஒரு சிப்பாயின் கழுத்துத் தமனியைக் கட்டிப்போட்டு உயிரைக் காப்பாற்றினார். ஆனால் அந்த ஆளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கழுத்துத் தமனியைக் கட்டினால் ரத்தம் நிற்கும், மூளைக்கும் சேர்த்து நிற்கும் என்பது அன்றைக்கே தெரிந்த பாடம். 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளையின் ரத்தக்குழாய்களைச் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் படம் பிடித்தார், 1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர் ஊசி, கம்பி, குழாய் என்ற வரிசையைக் கண்டுபிடித்தார். உங்கள் தம்பிக்குச் செய்யப்போவது அந்த வரிசைதான், எழுபது வருஷப் பழசு. பரிசோதனை இல்லை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாஞ்சா வெட்டு அழுக்கு வெட்டு; காயத்தில் சீழ் பிடித்திருந்தால் அதன் பக்கத்தில் உறை ஸ்டென்ட் வைப்பது யோசிக்க வேண்டிய விஷயம். 29 வயதில் வைக்கிற ஸ்டென்ட் இன்னும் ஐம்பது வருஷம் கழுத்தோடு சேர்ந்து திரும்பி, குனிந்து, நிமிர வேண்டும். ஆகவே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரும் அதே படத்தைப் பார்த்தாரா, காலிலிருந்து சிரை எடுத்து மாற்றுப்பாதை போட வழியிருக்கிறதா என்று கேளுங்கள். கம்பி போகும் வழியில் துணுக்கு பிய்ந்து பக்கவாதம் வரும் ஆபத்து சிறிதாக இருந்தாலும் உண்டு, அதை மறைக்காமல் சொல்கிற டாக்டராகப் பாருங்கள். இன்னொன்று, முதல் நாளே சிடி ஆஞ்சியோ எடுத்திருக்க வேண்டும். தோலைத் தைத்து அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். நானும் பயிற்சிக் காலத்தில் ஒரு இரவு இதே மாதிரி "சின்ன வெட்டு" என்று எழுதிவிட்டு, விடிகாலையில் அதே நோயாளியின் தலையணை நனைந்து கிடந்ததைப் பார்த்தவன். அதனால் ரொம்பத் திட்டவும் வாய் வரவில்லை.

கேள்வி: ஆக்ரா போய்த் திரும்பும்போது கார் தடுப்புச் சுவரில் மோதியது. மாமனார் (62) முன் சீட்டில், பெல்ட் போட்டிருந்தார், கழுத்தில் இடப்பக்கம் பெல்ட் தடம் மட்டும். தலைக்கு சிடி எடுத்தார்கள், நார்மல். வீட்டுக்கு வந்து மறுநாள் சாயங்காலம் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது, பேச்சு குழறியது. கழுத்துத் தமனியில் உள்கிழிசலாம். ஒரு நாள் கழித்து எப்படி வரும்? அதைவிட, ஸ்டென்ட் வைக்காமல் வெறும் மருந்து கொடுக்கிறார்கள், அக்கறையில்லாமல் செய்கிறார்களோ என்று சந்தேகம். (வாசகர், ஜனக்புரி)

பதில்: நம் ஊர்க் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட் இடப்பக்கம், பெல்ட் இடது தோளிலிருந்து இறங்குகிறது. இடது கழுத்தை அது அழுத்த, இடது மூளை பாதிக்கப்பட, வலது கையும் பேச்சும் போயிருக்கின்றன. கணக்கு சரியாக இருக்கிறது.

தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. கழுத்து சடாரென்று பின்னால் மடங்கித் திரும்பும்போது உள் கரோட்டிட் கழுத்தெலும்பின் மேல் இழுபட்டு, உள் அடுக்கு மட்டும் கீறிக்கொள்ளும். சுவர்க் காகிதம் உரிந்து தொங்குவது போல அது தொங்கும், அந்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உறையும், ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போகும். இதற்கு நேரம் ஆகும். பெரும்பாலும் விபத்துக்குப் பிறகு 10 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் வெளிப்படும். தலைக்கு எடுத்த சாதா சிடி மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, கழுத்துக் குழாயை அது பார்ப்பதே இல்லை. கழுத்தில் பெல்ட் தடம், கழுத்தெலும்பு முறிவு, மண்டையோட்டின் அடியில் முறிவு, முகம் நொறுங்கியது, இதில் எது இருந்தாலும் கழுத்துக்கும் சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்றும் உண்டு: ஒரு பக்கக் கழுத்து வலியோடு அதே பக்கத்து இமை லேசாகச் சரிந்து, அந்தக் கண்ணின் பாவை மட்டும் சிறுத்திருக்கும். பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் பளிச்சென்று தெரியும்.

மருந்து கொடுப்பது அக்கறைக் குறைவு இல்லை. இந்தக் காயங்களை அமெரிக்காவின் டென்வர் மருத்துவர்கள் 1999-ல் ஐந்து படியாகப் பிரித்தார்கள்: 25 சதவீதத்துக்குக் குறைவாகச் சுருங்கினால் முதல் படி, அதற்கு மேலே சுருங்கினாலோ உள்ளே ரத்தக்கட்டியோ தொங்கும் மடிப்போ இருந்தாலோ இரண்டு, போலி வீக்கம் மூன்று, முழு அடைப்பு நான்கு, குழாய் அறுந்தே போனால் ஐந்து. நாங்கள் இப்போதும் இதைத்தான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறோம். இரண்டாம், மூன்றாம் படிக்காரர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், ஆஸ்பிரின் போன்ற மருந்தோடு கூடுதலாக ஸ்டென்டும் எல்லாருக்கும் வழக்கமாக வைக்க வேண்டாம் என்று ஈஸ்ட் என்ற அமெரிக்க விபத்து அறுவை மருத்துவர் அமைப்பு 2020-ல் பரிந்துரை செய்தது. காரணம் எளிது. ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்தே தீர வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்கு மண்ணீரலிலோ மூளையிலோ இன்னொரு கசிவு இருந்தால் அதே மாத்திரை எமனாகிவிடும். மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப அறிகுறி வருகிறது, மூளைக்கு ரத்தம் போதவில்லை, வீக்கம் பெருத்துக்கொண்டே போகிறது என்றால்தான் ஸ்டென்ட் வைக்கக் கம்பியைக் கையில் எடுப்போம். ஏழிலிருந்து பத்து நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். அதுவரை பேச்சோ கையோ திரும்பவும் மாறினால் காலையில் ஓபிடிக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். மூளைக்குள் பெரிய குழாய் அடைத்திருந்தால் ரத்தக்கட்டியை இழுத்து எடுக்க முடியும், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி முறிக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கிறது. ஆபத்தா? (வாசகர், கரோல் பாக்)

பதில்: ஆபத்துதான், அபூர்வம் என்றாலும். சடக்கென்று திருப்பும்போது பின்கழுத்தில் எலும்புக்குள் ஓடும் வெர்டிப்ரல் தமனிதான் அதிகம் கிழியும், கரோட்டிடும் கிழிந்ததுண்டு. தலையைப் பிடித்துவிடச் சொல்லுங்கள், கழுத்துக்குக் கை வரும்போது "பஸ் பையா" (போதும் தம்பி) என்று எழுந்துவிடுங்கள்.

கேள்வி: மனைவி மூன்று வாரம் முன்பு படியில் வழுக்கி விழுந்து நெற்றியில் அடி. இப்போது வலது கண் சிவந்து, கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. ராத்திரி தலைக்குள் "உஸ் உஸ்" என்று இன்ஜின் சத்தம் கேட்கிறது என்கிறாள். (வாசகர், ஆர்.கே.புரம்)

பதில்: இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். மெட்ராஸ் ஐ ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும், கண்ணை முன்னால் தள்ளாது, தலைக்குள் சத்தம் போடாது. கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் ஒரு சிரைக் குட்டை இருக்கிறது, கரோட்டிட் தமனி அதன் நடுவே புகுந்துதான் மேலே போகிறது. அடிபட்டு அங்கே தமனியில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் மிகுந்த ரத்தம் சிரைக்குள் பாய்ந்து, கண்ணிலிருந்து வடிய வேண்டிய ரத்தத்தைத் திருப்பி அடிக்கும். அந்தச் சத்தம் அவருடைய நாடித் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். இமைமேல் ஸ்டெதஸ்கோப் வைத்தால் டாக்டருக்கும் கேட்கும், எனக்கு முதல் தடவை கேட்டபோது பிரஷர் குக்கர் நினைவுக்கு வந்தது.

தாமதித்தால் பார்வை போகலாம். ஆனால் கம்பி வைத்தியம் மிக அழகாக வேலை செய்கிற இடம் இதுதான். மாஸ்கோவில் செர்பினென்கோ என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், கழற்றி விடக்கூடிய சின்ன பலூனைக் குழாய் வழியே கொண்டுபோய் ஓட்டையில் ஊதி அடைத்ததை 1974-ல் எழுதினார், மண்டையைத் திறக்காமலே. இப்போது பெரும்பாலும் கம்பிச்சுருள்கள், அவற்றோடு பசை, தேவைப்பட்டால் ஸ்டென்ட். ஓட்டையை அடைக்கவே முடியாமல் தமனியையே மூட வேண்டி வந்தால், முன்னதாகப் பலூனை ஊதித் தமனியை இருபது முப்பது நிமிஷம் தற்காலிகமாக அடைத்து வைத்து, கைகளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லிப் பார்ப்போம். மூளைக்குப் போகும் மற்ற மூன்று தமனிகளும் மூளையடியில் இருக்கும் வில்லிஸ் வளையம் வழியாக ரத்தம் கொடுத்தால் கழித்துக்கொண்டே போவார்கள். அந்த வளையம் எல்லாருக்கும் முழுசாக இருப்பதில்லை, அதனால்தான் இந்தப் பரீட்சை.

கேள்வி: என் கணவருக்கு விபத்துக்குப் பிறகு கழுத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் சாப்பிடுகிறார், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஒரு வாரம் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா? மெட்ரோவில் செக்கிங் வளைவு வழியாகப் போகலாமா? (வாசகி, துவாரகா)

பதில்: நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூடக் கூடாது. புது ஸ்டென்டின் உட்புறத்தில் உடம்பு தன் தோலைப் படரவிடுகிற வரைக்கும் அது வெறும் உலோகம், ரத்தம் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். இதயத்தில் ஸ்டென்ட் அடைத்தால் நெஞ்சு வலி வந்து எச்சரிக்கும், கழுத்தில் அடைத்தால் வருவது பக்கவாதம். இரண்டு மாத்திரை சில மாதத்துக்கு, அப்புறம் பெரும்பாலும் ஆஸ்பிரின் மட்டும் தொடரும். பல் காத்திருக்க முடிந்தால் காத்திருக்கட்டும். முடியாவிட்டால் மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கி, தையல் போட்டுப் பஞ்சை அழுத்திக் கடிக்க வைத்துச் சமாளிப்பது பல் டாக்டர்களுக்குப் பழக்கமானதுதான், இரண்டு டாக்டரையும் போனில் பேச வையுங்கள். ஈறில் லேசான கசிவுக்கு மென்மையான பிரஷ் போதும்; மலம் கறுப்பாகப் போனாலோ தலைவலி பிளந்தாலோ உடனே வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அசிடிட்டிக்கு ஓமெப்ரசோல் சாப்பிடுகிறாரா? கடையில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். அது குளோபிடோக்ரெல்லின் வீரியத்தைக் குறைக்கும், அமெரிக்க மருந்துத் துறை 2009-லேயே எச்சரித்துவிட்டது. பான்டோபிரசோலுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

மெட்ரோ வளைவு ஒன்றும் செய்யாது, ராஜீவ் சௌக் நெரிசல்தான் ஏதாவது செய்யும். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் ஸ்டென்ட் கார்டைக் காட்டுங்கள், அதைப் போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாலு வயசுப் பேத்தி பல் தேய்த்துக்கொண்டே ஓடி விழுந்ததில் பிரஷ் மேல்வாயில் குத்தி ரத்தம் வந்தது. இப்போது விளையாடுகிறாள். விட்டுவிடலாமா? (பாட்டி, ரோகிணி)

பதில்: நடுவில் குத்தியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பக்கவாட்டில், டான்சிலுக்கு அருகே குத்தியிருந்தால் அதற்குப் பின்னால்தான் உள் கரோட்டிட் ஓடுகிறது, இன்றே காட்டிவிடுங்கள். எப்படியிருந்தாலும் மூன்று நாள் கண்ணில் வைத்திருங்கள். எழுப்பினால் எழாத தூக்கம், வாந்தி, ஒரு கையை மட்டும் உபயோகிக்காமல் இருப்பது, வாய் கோணுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஓடுங்கள். பிரஷ், ஐஸ்கிரீம் குச்சி, பென்சில், புல்லாங்குழல் எதுவானாலும் உட்கார்ந்த இடத்தில்தான் என்று ஒரு சட்டம் போடுங்கள் பாட்டி.

கேள்வி: 2017-லேயே சைனா மாஞ்சாவைத் தடை செய்துவிட்டார்களே, இன்னும் எப்படி அறுக்கிறது? ரோட்டில் கண்முன்னே நடந்தால் என்ன செய்வது? (வாசகர், முனிர்கா)

பதில்: முதல் கேள்வியை ஆகஸ்ட் முதல் வாரத்தில் பட்டக் கடைகளில் போய்க் கேளுங்கள். தில்லி அரசு அந்த வருஷம் ஜனவரியில் தடை போட்டது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஜூலையில் நாடு முழுக்கப் போட்டது. அது நைலான் நூல், கண்ணாடித்தூள் பூசியது, பருத்தி நூல் மாதிரி இழுத்தால் அறாது, அதனால் நாம் அறுபடுகிறோம்.

இரண்டாவது கேள்விக்கு: கைக்குட்டை, துப்பட்டா, எது கிடைக்கிறதோ அதை மடித்து ரத்தம் வரும் இடத்தில் வைத்து விரல்களால் அழுத்துங்கள். அழுத்திய கையை "நின்றுவிட்டதா" என்று எடுத்துப் பார்க்கவே கூடாது, துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தாதீர்கள், கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். ஆளைப் படுக்க வையுங்கள், அறுந்த சிரை உட்கார்ந்த நிலையில் காற்றை உள்ளே இழுக்கும். வாய்க்குள் ரத்தம் வந்து மூச்சு முட்டினால் மட்டும் ஒருக்களிக்க வையுங்கள். நூல் சதைக்குள் புதைந்திருந்தால் இழுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு அப்படியே கொண்டு வாருங்கள். 112-க்கு இன்னொருவரை அழைக்கச் சொல்லுங்கள், அழுத்தியிருப்பவர் போனைத் தொட வேண்டாம். போலீஸ் கேஸாகிவிடும் என்று தயங்க வேண்டாம், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. ஆம்புலன்ஸில் ஏறும்போதும் அழுத்திய கையோடு நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள், எமர்ஜென்சி வாசலில் நாங்கள் கையுறை மாட்டி உங்கள் விரலுக்குப் பக்கத்தில் எங்கள் விரலை வைத்த பிறகு எடுத்தால் போதும்.